சொந்த வாசிப்புக்கு வந்த பதிப்புரிமைக் கோரல்: யூடியூபில் மறுப்பு முதல் எதிர் அறிவிப்பு வரை

வயலினில் நானே வாசித்து, என் கைப்பேசியிலேயே பதிவுசெய்து, என் கற்பித்தல் சேனலில் ஏற்றிய, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இசைக்கோவை ஒன்றுக்கு, ஏற்றிய அன்றிரவே பதிப்புரிமைக் கோரல் வந்தது. காணொளியில் 1:08 முதல் 2:31 வரையிலான பகுதி தங்களுடைய ஒலிப்பதிவு என்று, நான் கேட்டே இராத ஒரு நிறுவனம் உரிமை கொண்டாடியிருந்தது. பாக் மறைந்தது 1750ஆம் ஆண்டில். அவருடைய இசைக்கோவைகள் யாருக்கும் தனிச்சொத்து அல்ல. அந்தப் பகுதியில் ஒலிப்பது என் வில்லின் ஓசையும், இடையில் நான் தாளைப் புரட்டும் சரசரப்பும்தான். இருந்தும் அந்தக் கோரல் நீங்க 43 நாட்கள் ஆயின. அவற்றில் பாதிக்கு மேற்பட்ட நாட்களை, நடைமுறை தெரிந்திருந்தால் மிச்சப்படுத்தியிருக்கலாம். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காகவே, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

1. வந்திருப்பது கோரலா, எச்சரிக்கையா என்று முதலில் பாருங்கள்

இவை இரண்டும் முற்றிலும் வேறானவை. குழப்பிக்கொண்டால் அடுத்து எடுத்துவைக்கும் அடி எல்லாம் தவறாகிவிடும். முதலாவது, கன்டென்ட் ஐடி என்னும் தானியங்கி முறை எழுப்பும் உரிமைகோரல். உரிமையாளர்கள் முன்கூட்டியே கொடுத்துவைத்துள்ள மாதிரிக் கோப்புகளோடு உங்கள் காணொளியைக் கணினி ஒப்பிட்டு, ஒத்துப்போவதாகக் கண்டால் கோரலைப் பதிகிறது. அதன் விளைவு பெரும்பாலும் அந்த ஒரு காணொளியோடு நின்றுவிடும்: விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகும், அல்லது காணொளி தடுக்கப்படும், அல்லது அதன் பார்வைக் கணக்கை மட்டும் அவர்கள் கவனித்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் சேனலின் நற்பெயருக்கு இதனால் கரும்புள்ளி விழுவதில்லை.

இரண்டாவது, எல்லோரும் ஸ்ட்ரைக் என்று சொல்லும் பதிப்புரிமை எச்சரிக்கை. உரிமையாளர் சட்டப்படி நீக்கக் கோரிக்கை அனுப்பி, அதன்பேரில் காணொளி அகற்றப்பட்டால் இது வரும். முதல் எச்சரிக்கைக்குப் பதிப்புரிமைப் பள்ளி என்ற சிறு பாடத்தை முடிக்க வேண்டும். முடித்தால் 90 நாட்களில் அது காலாவதியாகும். 90 நாட்களுக்குள் மூன்று எச்சரிக்கைகள் சேர்ந்தால் சேனலே மூடப்படலாம், அதிலுள்ள காணொளிகள் அனைத்தும் போகலாம், புதிய சேனல் தொடங்கும் உரிமையும் இல்லாமல் போகும்.

சேனலை நிர்வகிக்கும் பக்கமான யூடியூப் ஸ்டுடியோவைத் திறந்து, காணொளிப் பட்டியலில் கட்டுப்பாடுகள் என்ற நெடுவரிசையைப் பாருங்கள். பதிப்புரிமை என்று அங்கே இருக்கும் சொல்லைத் தொட்டால், வந்திருப்பது எது, யார் கோருகிறார்கள், எந்த நொடி முதல் எந்த நொடி வரை என்ற விவரம் எல்லாம் விரியும். அந்தப் பக்கத்தை அப்போதே திரைப்பிடிப்பு எடுத்து, தேதியோடு சேமித்துக்கொள்ளுங்கள்.

2. மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் தொடாதீர்கள்

உங்கள் சேனலுக்கு எச்சரிக்கை வந்துள்ளது, 24 மணி நேரத்தில் மூடப்படும், விவரம் இணைக்கப்பட்ட கோப்பில் உள்ளது என்று வரும் மின்னஞ்சல்களில் பல, கணக்கைத் திருடுவதற்காக அனுப்பப்படுபவை. அந்தக் கோப்பைத் திறந்தால், உலாவியில் நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் தடத்தையே திருடிக்கொண்டு போகும் மென்பொருள் இறங்கிவிடும். கடவுச்சொல்லும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் இருந்தாலும் அப்போது பயனில்லை. உண்மையான கோரலோ எச்சரிக்கையோ எதுவானாலும் ஸ்டுடியோவுக்குள் கட்டாயம் தெரியும். ஆகவே மின்னஞ்சலை மூடிவிட்டு, முகவரியை நீங்களே தட்டச்சு செய்து ஸ்டுடியோவுக்குள் நுழைந்து பாருங்கள். அங்கே எதுவும் இல்லையென்றால் வந்தது போலி.

3. உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறதா என்று சோதியுங்கள்

இந்தப் படியை யாரும் விரும்புவதில்லை; நானும் தாண்டிப்போகத்தான் பார்த்தேன். ஆனால் மறுப்பு அனுப்பும் முன் இதைச் செய்யாதவர்கள்தான், சாதாரணக் கோரலை எச்சரிக்கையாக வளர்த்துக்கொள்கிறார்கள்.

இசையில் இரண்டு அடுக்கு உரிமைகள் உண்டு. இசைக்கோவை ஒன்று, அதன் ஒலிப்பதிவு இன்னொன்று. பாக்கின் இசைக்கோவை பொதுவுடைமை, அதாவது உரிமைக் காலம் முடிந்து யாரும் பயன்படுத்தக்கூடியது. ஆனால் சென்ற ஆண்டு ஒரு கலைஞர் அதை வாசித்து வெளியிட்ட ஒலிப்பதிவு பொதுவுடைமை அல்ல. எனவே பழைய இசைதானே என்று வேறொருவர் வாசிப்பை எடுத்துப் பின்னணியில் வைத்திருந்தால், கோரல் சரியானதே. அதேபோல், பழைய இசைக்கோவையைப் புதிதாக ஒருவர் வேறு கருவிகளுக்கு ஏற்ப மாற்றி எழுதியிருந்தால், அந்த மாற்று வடிவத்துக்குத் தனி உரிமை இருக்கக்கூடும். நீங்கள் வாசித்தது எந்தப் பதிப்பிலிருந்து என்று இசைத்தாளின் முதல் பக்கத்தைப் பாருங்கள்.

சில நம்பிக்கைகள் வாய்வழியாகப் பரவி வேரூன்றிவிட்டன. 30 நொடிக்குள் பயன்படுத்தினால் தவறில்லை என்று ஒரு விதி எங்கும் இல்லை. விளக்கப் பகுதியில் உரிமையாளருக்கு நன்றி எழுதினால் அது அனுமதி ஆகிவிடாது. உரிமை மீறும் நோக்கம் இல்லை என்று எழுதிவைப்பதும் உங்களைக் காக்காது. பணம் ஈட்டவில்லை என்பது சாதகமான ஒரு காரணம் மட்டுமே, முழுக் கவசம் அல்ல. அனுமதி பெறாமலேயே ஒரு படைப்பைப் பயன்படுத்தச் சில சமயம் இடம் தரும் நியாயமான பயன்பாடு என்ற கோட்பாட்டை அமெரிக்கச் சட்டம் நான்கு அளவுகோல்களால் சீர்தூக்குகிறது: பயன்படுத்தும் நோக்கம், மூலப் படைப்பின் இயல்பு, எடுத்துக்கொண்ட அளவு, மூலத்தின் சந்தை மதிப்பில் ஏற்படும் விளைவு. ஒரு பாடலைத் துண்டு துண்டாக நிறுத்தி ஆராயும் விமர்சனம் இதில் தேறுவதற்கு நல்ல வாய்ப்புண்டு; அதே பாடலைப் பயணக் காட்சிகளுக்குப் பின்னணியாக ஓடவிட்டது தேறுவது கடினம். மற்ற நாடுகளில் சட்டம் இதைவிடக் குறுகலாக இருப்பதுண்டு என்பதையும் மனத்தில் வையுங்கள்.

படைப்பாளரே சில நிபந்தனைகளோடு இலவசப் பயன்பாட்டுக்கு விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைத்த இசையென்றால், அது எந்த வகை என்று பாருங்கள். வணிகப் பயன்பாடு கூடாது என்ற நிபந்தனையுள்ள இசையை விளம்பரம் ஓடும் காணொளியில் வைத்துவிட்டு வாதாடுவது சங்கடத்தில் முடியும். மாற்றம் கூடாது என்ற நிபந்தனை இருந்தால், பொதுவாக அந்த இசையைக் காட்சிக்கு ஏற்ப இணைப்பதையே அது தடுக்கும்.

4. ஆவணங்களைத் திரட்டி ஒரே இடத்தில் வையுங்கள்

படிவத்தைத் திறப்பதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். என் முதல் மறுப்பு நிராகரிக்கப்பட்டதற்கு முக்கியக் காரணம், கையில் எதுவும் இல்லாமல் வெறும் ஆதங்கத்தை எழுதி அனுப்பியதுதான்.

சொந்த வாசிப்பு என்றால், வெட்டி ஒட்டாத மூலப் பதிவுக் கோப்பு வேண்டும். அதன் பண்புகளில் பதிவான தேதியும் நேரமும் கருவியின் பெயரும் இருக்கும். கைப்பேசியிலிருந்து செயலி வழியாக உங்களுக்கே அனுப்பிக்கொண்டால் அந்த விவரங்கள் அழிந்துபோக வாய்ப்புண்டு என்பதால், கம்பி வழியாகக் கணினிக்கு நகலெடுங்கள். தொகுப்பு மென்பொருளில் செய்த பணிக் கோப்பையும் அழிக்காதீர்கள். இசைத்தாளின் முதல் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கைகொடுத்தது மிக எளிய ஒன்று: 1:47ஆவது நொடியில் நான் தாளைப் புரட்டுவது காணொளியிலேயே தெரிகிறது, அந்த ஓசையும் கேட்கிறது. நிறுவனம் உரிமை கொண்டாடிய ஒலிப்பதிவில் அது இருக்க வழியில்லை. உங்கள் பதிவிலும் அப்படி ஏதேனும் ஒரு தடயம் இருக்கும். ஒரு சுருதிப் பிசகு, நாற்காலியின் ஓசை, வெளியே போகும் வண்டியின் சத்தம். அதைத் தேடி, நொடிக் கணக்கோடு குறித்துவையுங்கள்.

உரிமம் வாங்கிய இசை என்றால், வாங்கிய ரசீதும் உரிமச் சான்றிதழும் வேண்டும். உரிம இசை விற்கும் தளங்களே அந்த இசையைக் கன்டென்ட் ஐடியில் பதிந்திருப்பதுண்டு. பணம் கட்டியவருக்கும் கோரல் வருவது அதனால்தான். அப்படிப்பட்ட தளங்கள் பலவற்றில் உரிம எண்ணைக் கொடுத்துக் கோரலை நீக்கச் சொல்லும் வசதி உண்டு. மறுப்புப் படிவத்துக்குப் போகும் முன் அங்கே கேட்டுப்பாருங்கள், விரைவில் முடிந்துவிடலாம்.

இலவச உரிமத்தில் எடுத்த இசை என்றால், எடுத்த நாளில் அந்தப் பக்கத்தில் என்ன உரிமம் எழுதியிருந்தது என்பதே சான்று. பக்கம் பின்னாளில் மாறலாம், மறையலாம். இணையப் பக்கங்களின் நகல்களைக் காக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தைச் சேமித்துவைத்தால், தேதியோடு ஒரு நகல் பொதுவில் நிற்கும். அதற்குக் கட்டணம் கிடையாது.

5. வாதாடத்தான் வேண்டுமா என்று முடிவெடுங்கள்

கோரல் சரியானது என்று மூன்றாம் படியில் தெரிந்துவிட்டால், ஸ்டுடியோவிலேயே மூன்று வழிகள் உள்ளன. அந்தப் பகுதியை வெட்டலாம், பாட்டை மட்டும் மௌனமாக்கலாம், அல்லது யூடியூப் ஒலி நூலகத்தில் உள்ள வேறொரு இசையை அங்கே வைக்கலாம். மாற்றம் சேமிக்கப்பட்டதும் கோரல் தானே நீங்கும், செலவும் இல்லை. பேச்சும் பாட்டும் கலந்த இடத்தில் பாட்டை மட்டும் நீக்கினால் குரல் கொஞ்சம் சிதையலாம் என்பதால், சேமிப்பதற்கு முன் காதுகொடுத்துக் கேளுங்கள்.

கோரல் தவறு என்று உறுதியாகத் தெரிந்தால், சிறிய தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள். அதே ஒலிப்பதிவை வைத்து உங்கள் அடுத்த காணொளிக்கும் கோரல் வரும்.

6. மறுப்பை ஐந்து நாட்களுக்குள் அனுப்புங்கள்

ஐந்து நாள் என்பதைக் கவனியுங்கள். சேனல் விளம்பர வருமானம் பெறுவதாக இருந்தால், கோரல் வந்த ஐந்து நாட்களுக்குள் மறுத்துவிட்டால், கோரல் பதிவான முதல் நாளிலிருந்தே வருமானம் தனியே நிறுத்திவைக்கப்பட்டு, முடிவு வந்தபின் உரியவருக்குப் போகும். ஐந்து நாள் தாண்டிவிட்டால், மறுப்பு அனுப்பிய நாளிலிருந்துதான் நிறுத்திவைப்பார்கள். நான் மனம் நொந்து ஒன்பது நாட்கள் சும்மா இருந்தேன்; அந்த ஒன்பது நாள் வருமானம் திரும்பவில்லை.

படிவத்தில் காரணம் கேட்கப்படும்: சொந்தப் படைப்பு, உரிமம், நியாயமான பயன்பாடு, பொதுவுடைமை. இங்கேதான் நான் தடுக்கி விழுந்தேன். நானே வாசித்ததால் சொந்தப் படைப்பு என்று தேர்ந்தெடுத்தேன். ஆனால் இசைக்கோவை பாக்குடையது, என்னுடையது அல்ல. சரியான காரணம் பொதுவுடைமை; ஒலிப்பதிவு என்னுடையது என்பதை விளக்கத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

விளக்கத்தை ஐந்தாறு வாக்கியங்களுக்குள் முடியுங்கள். அதைப் படிக்கப்போவது யூடியூப் நடுவர் அல்லர், கோரல் பதிந்த நிறுவனத்தின் ஊழியர். இந்தப் பிணக்கில் யூடியூப் தீர்ப்புச் சொல்வதில்லை, கடிதத்தை அந்தப் பக்கம் சேர்ப்பதோடு சரி. ஆகவே அந்த ஊழியர் ஒரே நிமிடத்தில் சரிபார்க்கும்படி எழுதுங்கள். இரண்டாம் முறை, மேல்முறையீட்டில், நான் எழுதியது ஏறத்தாழ இவ்வாறு இருந்தது: “இந்த இசைக்கோவையை இயற்றியவர் 1750இல் மறைந்த பாக், இது பொதுவுடைமையில் உள்ளது. இக்காணொளியில் ஒலிப்பது என் சொந்த வயலின் வாசிப்பு; இதை நானே என் கைப்பேசியில் பதிவுசெய்தேன். 1:47ஆவது நொடியில் நான் தாளைப் புரட்டும் காட்சியும் ஓசையும் உள்ளன. உங்கள் ஒலிப்பதிவில் அவை இல்லை. மூலக் கோப்பு என்னிடம் உள்ளது, கேட்டால் அனுப்புகிறேன். கோரலை விலக்கிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.” இதில் ஒரு வசைச்சொல்லும் இல்லை. என் முதல் மறுப்பில் நியாயம், திருட்டு, அநீதி என்ற சொற்கள் இருந்தன. தாள் புரட்டும் ஓசை இல்லை.

அனுப்பியபின் அவர்களுக்கு 30 நாள் அவகாசம். அதற்குள் பதில் சொல்லாவிட்டால் கோரல் தானே காலாவதியாகிவிடும். அவர்கள் கோரலை விலக்கலாம், அல்லது மறுப்பை நிராகரிக்கலாம், அல்லது நேராக நீக்கக் கோரிக்கை அனுப்பலாம். கடைசியாகச் சொன்னது நடந்தால் எச்சரிக்கை வரும். சான்று இல்லாமல் மறுக்க வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். எனக்கு நிராகரிப்பு, மறுப்பு அனுப்பிய 26ஆம் நாள் வந்தது.

7. நிராகரித்தால் மேல்முறையீடு செய்யுங்கள்

மேல்முறையீட்டில் அவர்களுக்கு ஏழு நாள் மட்டுமே அவகாசம். பதில் வராவிட்டால் கோரல் நீங்கும். அவர்கள் தொடர்ந்து உரிமை கொண்டாட விரும்பினால், இனி வெறுமனே நிராகரிக்க முடியாது; சட்டப்படியான நீக்கக் கோரிக்கையைத்தான் அனுப்ப வேண்டும். அதற்கு அவர்கள் பொறுப்பேற்க வேண்டியிருப்பதால், வலுவற்ற கோரல்கள் பல இந்த இடத்தில் கைவிடப்படும் என்பது என் கணிப்பு. என் வழக்கில் எந்தப் பதிலும் வரவில்லை. ஏழு நாள் முடிந்ததும் கோரல் மறைந்திருந்தது.

ஆனால் நீக்கக் கோரிக்கை வந்தால் உங்கள் சேனலில் எச்சரிக்கை விழும். சில சமயம் ஏழு நாள் கழித்து நீக்கப்படும் என்று கெடு வைத்துக் கோரிக்கை அனுப்புவார்கள். அந்த ஏழு நாட்களுக்குள் மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றால் எச்சரிக்கை வராது, பழைய கோரல் மட்டும் நிற்கும். ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைகள் உள்ள சேனலென்றால், எவ்வளவு நியாயம் இருந்தாலும் இந்த இடத்தில் ஒரு நாள் ஆற அமர யோசியுங்கள்.

காணொளி முற்றிலும் தடுக்கப்பட்டிருந்தால் மட்டும், 30 நாள் மறுப்பைத் தாண்டி நேராக மேல்முறையீட்டுக்குப் போகும் வழி உண்டு. நேரம் மிச்சமாகும், ஆபத்தும் முன்னதாகவே வந்து நிற்கும்.

8. எச்சரிக்கை விழுந்துவிட்டால்

முதலில், அந்தக் காணொளியை அழிக்காதீர்கள். அழித்தால் எச்சரிக்கை போகாது. நீங்கள் வாதாடும் வழிதான் சிக்கலாகும்.

மூன்று வழிகள் உள்ளன. பதிப்புரிமைப் பள்ளிப் பாடத்தை முடித்துவிட்டு 90 நாள் காத்திருக்கலாம். கோரிக்கை அனுப்பியவரைத் தொடர்புகொண்டு அதைத் திரும்பப் பெறச் சொல்லலாம். அவருடைய தொடர்பு விவரம் ஸ்டுடியோவில் இருக்கும், அவர் மட்டுமே திரும்பப் பெற முடியும். இரண்டும் உதவாதபோது எதிர் அறிவிப்பு அனுப்பலாம்.

எதிர் அறிவிப்பு என்பது 1998இல் வந்த அமெரிக்காவின் டிஎம்சிஏ என்னும் மின்னணுப் பதிப்புரிமைச் சட்டம் தரும் உரிமை. புகார்ப் படிவம் போல் அதை எண்ணிவிடக் கூடாது. அதில் உங்கள் முழுச் சட்டப்பூர்வப் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைத் தர வேண்டும். தவறுதலாகவோ தவறாக அடையாளம் காணப்பட்டோ நீக்கப்பட்டது என்று உளமார நம்புவதாக, பொய்யென்றால் தண்டனைக்கு உட்படுவதாக உறுதிகூற வேண்டும். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், அமெரிக்கக் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் ஒன்றின் அதிகார வரம்பை ஏற்பதாகவும், வழக்கு ஆவணங்களைப் பெற்றுக்கொள்வதாகவும் ஒப்புக்கொள்ள வேண்டும். முழுப் பெயரைத் தட்டச்சு செய்தாலே கையொப்பம் ஆகும்.

இதில் பலருக்கும் தெரியாத பொறி ஒன்று உண்டு: நீங்கள் எழுதும் முகவரியும் எண்ணும் எதிர்த்தரப்புக்கு அப்படியே போய்ச்சேரும். உங்களைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு ஒருவர் பொய்க் கோரிக்கை அனுப்பியிருந்தால், உங்கள் வீட்டு முகவரியைப் பெறுவதே அவருடைய எண்ணமாக இருக்கலாம். அந்த அச்சம் இருந்தால், உங்கள் சார்பில் ஒரு வழக்கறிஞரைக் கொண்டு அனுப்பச் சொல்லுங்கள், அதற்கு இடமுண்டு.

அனுப்பியபின் எதிர்த்தரப்புக்கு 10 வேலைநாட்கள் அவகாசம். சனி, ஞாயிறு, அமெரிக்க விடுமுறை நாட்களைக் கழித்தால் ஏறத்தாழ இரண்டு வாரம். அதற்குள் அவர்கள் உங்கள்மீது சட்ட நடவடிக்கை தொடங்கியதற்கான சான்றைத் தராவிட்டால், காணொளி திரும்பும், எச்சரிக்கையும் நீங்கும். விளம்பர வருமானத்தைப் பகிரும் யூடியூப் கூட்டாளர் திட்டத்தில் உள்ள சேனல் மூன்றாவது எச்சரிக்கை பெற்றால், மூடப்படும் முன் ஏழு நாள் சலுகை கிடைக்கும். அந்த ஏழு நாட்களுக்குள் எதிர் அறிவிப்பு அனுப்பிவிட்டால், அது முடிவாகும்வரை சேனல் மூடப்படாது.

அதே சட்டத்தின் 512(f) பிரிவு, தெரிந்தே பொய்யாக நீக்கக் கோரிக்கை அனுப்பியவரை இழப்பீட்டுக்குப் பொறுப்பாக்குகிறது. தெரிந்தே பொய்யாக எதிர் அறிவிப்பு அனுப்பியவரையும் அது விடுவதில்லை.

9. செலவு

மறுப்பு, மேல்முறையீடு, எதிர் அறிவிப்பு மூன்றுக்கும் கட்டணம் கிடையாது. பணம் கொடுத்தால் எச்சரிக்கையை நீக்கித் தருகிறோம் என்று செய்தி அனுப்புபவர்களுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள்; கோரிக்கை அனுப்பியவரே அப்படிப் பணம் கேட்டால், அந்த உரையாடலை அழிக்காமல் வைத்து வழக்கறிஞரிடம் காட்டுங்கள். உண்மையான செலவு எதிர் அறிவிப்புக் கட்டத்தில்தான் வரும்: வழக்கறிஞர் ஒருவரிடம் ஒருமுறை ஆலோசிக்கும் கட்டணம். எதிர்த்தரப்பு நிஜமாகவே வழக்குத் தொடுக்கக்கூடிய பெரிய நிறுவனம் என்றால், அந்தக் கட்டணத்தைச் செலவிட்டுவிட்டே படிவத்தில் பெயரை எழுதுங்கள்.

10. அடுத்த காணொளியை ஏற்றும்போது

ஏற்றும் படிவத்தில் சரிபார்ப்புகள் என்று ஒரு கட்டம் உள்ளது. வெளியிடுவதற்கு முன்பே பதிப்புரிமைச் சோதனை அங்கே நடக்கும். காணொளியைத் தனிப்பட்டதாக வைத்து ஏற்றி, அந்தச் சோதனை முடியும்வரை காத்திருங்கள். கோரல் வந்தால் யாரும் பார்க்கும் முன்பே தெரிந்துவிடும். மறுப்பையும் அப்போதே அனுப்பலாம். நான் இப்போது ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு கோப்புறை திறந்து, மூல ஒலி, இசைத்தாளின் முதல் பக்கப் படம், தடயமாக நிற்கக்கூடிய நொடியின் குறிப்பு ஆகிய மூன்றையும் அதில் போட்டுவிட்ட பிறகே ஏற்றுகிறேன். வாசித்து முடித்த கையோடு செய்தால் இதற்குப் பத்து நிமிடம் போதும்.